கிணற்றடிக் கொட்டிலும் கடிக்கிற மேசையும்

எமிலியானுஸ் ஒரு கதிரையில் முழுதாக இருந்ததை ஊர்காவற்றுறையில் எவரும் கண்டதில்லை. விளிம்பில்தான் இருப்பான். தேத்தண்ணி குடிக்கும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தபடி நிற்கும். கோவிலில் பிரசங்கம் நீண்டுவிட்டால் மெல்ல எழும்பிப் போய், மணிக்கயிறு எங்கேயாவது இற்றுப்போயிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வருவான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று மாமியார் அல்போன்சம்மா சொல்வார். மருமகனின் முகத்துக்கு நேரேயே சொல்வார். அதுதான் அவரிடம் உள்ள நல்ல குணம்.

இருபத்திரண்டு வயதில் கப்பலேறியவன். கப்பலில் மின்சார வேலை. எரிந்துபோன மோட்டருக்குக் கம்பி சுற்றுவது, நூறு வயர் ஓடுகிற குழாய்க்குள் அறுந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பது என்று அவனுக்குப் பிடித்தமான தொழில். ஜசிந்தாவைக் கலியாணம் முடித்துப் பதினாறு வருடம் ஆகிவிட்டது. அதில் அவன் வீட்டில் நின்ற நாட்களையெல்லாம் கூட்டினால் நாலு வருடம் தேறாது. இரண்டு மகள்மார் பிறந்தபோதும் அவன் கடலில். அந்தப் பிள்ளைகள் இப்போது யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் நின்று படித்தார்கள். வீட்டில் ஜசிந்தா தனியே.

1985 மார்கழியில் அவன் வந்து இறங்கியபோது, சேலை சவர்க்காரம் சொக்கலேற்றோடு பெட்டிக்குள் இன்னொரு சாமானும் வந்தது. தட்டச்சு இயந்திரத்தின் எழுத்துக் கட்டைகளை மட்டும் கழற்றி ஒரு தட்டில் பதித்தது போன்ற கொம்பியூட்டர். ரொட்டர்டாமில் பாவித்த சாமான் விற்கிற கடையில் வாங்கியது. ரீவியோடு பூட்டினால் எழுத்துத் தெரியும். கசெற் றேடியோவோடு பூட்டினால் எழுதியதை நாடாவில் பதிந்து வைக்கலாம். கூடவே ஒரு கட்டுச் சஞ்சிகை. அதில் ஒன்றிலே யாரோ ஒரு வெள்ளைக்காரன், கொம்பியூட்டர் சொல்லச் சொல்ல மரம் வெட்டுகிற மேசை ஒன்றைத் தன் வீட்டிலேயே செய்து காட்டியிருந்தான். அந்தப் பக்கத்தை எமிலியானுஸ் கப்பலில் விரித்து விரித்துப் பார்த்ததில், மடிப்பு கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது.

ஜசிந்தா அந்தச் சாமானை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு பேச்சுப் பேசினாள். பதினாறு வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சு, ஆனால் சுருக்கமாகத்தான் வந்தது.

"துவக்குச் சூட்டுச் சத்தம் கேட்டால் கதவைப் பூட்டிப்போட்டு நான் ஒருத்தி செபமாலையோடை இருக்கிறன். இனி ஏலாது. உந்த மெசின் சோறு போடுமெண்டால் அதைச் செய்யுங்கோ. செய்துபோட்டு இஞ்சை நில்லுங்கோ."

"போடாட்டில்?"

"போடாட்டில் கப்பலுக்குப் போங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனால் பேந்து என்னட்டை நிக்கிற கதை கதைக்கப்படாது."

பேச்சு அவ்வளவுதான். எமிலியானுஸும் ஓம் என்றான். அவன் நினைத்ததைவிடக் கெதியாக ஒரு வேலையும் தேடி வந்தது. கரம்பன் பக்கத்துச் சின்னக் கோவில் ஒன்றில் பாடகர் மேல்மாடத்துக்கு மரக் கிராதி போடப் பங்குச் சுவாமியார் ஆசைப்பட்டார். நாற்பத்தெட்டுப் பலகை. ஒவ்வொன்றிலும் ஒரே முந்திரிகைக் கொடி, ஒரே இலை, ஒன்றுக்கொன்று மயிரிழை மாறக்கூடாது. புரட்டாதி எட்டாம் திகதி மாதாவின் திருநாளுக்குள் பூட்டிவிட வேண்டும். அது சரிவந்தால் பக்கத்துப் பங்குகளிலும் வேலை உண்டு என்றார். கையால் செய்தால் ஒன்றுபோல ஒன்று வராது என்று தச்சர் பஸ்ரியாம்பிள்ளையே ஒப்புக்கொண்டார். மரம் தருவது அவர், வெட்டுவது எமிலியானுஸின் மேசை என்று ஏற்பாடு.

மேசையைக் கட்ட ஐந்து மாதம் போனது. கிணற்றடியில் இருந்த பழைய விறகுக் கொட்டிலைக் கூட்டிப் பெருக்கி, அங்கே இரும்புச் சட்டம் பூட்டினான். மேசை நெட்டுக்கும் குறுக்குக்கும் இரண்டு திருகாணித் தண்டுகளில் நகரும். தண்டு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மோட்டர். இது விசிறி மாதிரிச் சுழன்றுகொண்டே இருக்கிற மோட்டர் அல்ல. கொம்பியூட்டர் ஒரு துடிப்பு அனுப்பினால் ஓர் அடி திரும்பி நிற்கும். இன்னொன்று அனுப்பினால் இன்னோர் அடி. துடிப்பை எண்ணி அனுப்பினால் மேசை போக வேண்டிய இடத்துக்குப் போய் நிற்கும். மேலே ஒரு மின்சார ட்றில், அதன் வாயில் மரம் வெட்டுகிற அலகு.

கொட்டிலுக்குக் கரண்ட் இழுத்தபோது, ஒழுகுகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற ஏர்த் கம்பிக்குச் செம்புக் கோல் எங்கே அடிப்பது என்று கேட்டான். கேட்டது பஸ்ரியாம்பிள்ளையிடம். கப்பல்காரனுக்கு இது புதுக் கேள்வி. அங்கே கப்பலின் இரும்பு உடம்பே எல்லாவற்றுக்கும் ஏர்த், எந்தக் கம்பியையும் அதில் முறுக்கிவிட்டால் கதை முடிந்தது.

"இதென்ன கேள்வி தம்பி? வாழையடியிலை அடியும். கிணத்துத் தண்ணி ஓடுற இடம். தீவு முழுக்க அங்கைதானே அடிக்கிறது" என்றார் அவர்.

அப்படியே வாழையடியில் அடித்தான். அடித்துவிட்டு அதை மறந்தும் போனான்.

வைகாசி மாதம் மேசை முதன்முதலாக ஓர் இலை வெட்டியது. எமிலியானுஸ் அந்த இலையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினான். மாக் கையோடு நின்ற ஜசிந்தா அதை வாங்கிப் பார்த்து, நரம்பை விரலால் தடவிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் ஒரு கிழமைக்கு மனதில் வைத்துக்கொண்டு திரிந்தான். இரண்டாம் கிழமை, வயர் பூட்டிய ஒரு செம்புத் துண்டில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் கண்டான். வந்தது வினை.

உப்பும் ஈரமும் என்றால் கப்பல்காரனுக்குப் பேயைவிடப் பயம். கொட்டிலுக்கு நாலடி தள்ளிக் கிணறு. அங்கே விடிந்தால் பொழுதுபட்டால் உடுப்புத் தோய்க்கிறதும் குளிக்கிறதும் தண்ணீர் தெறிக்கிறதும். அவன் அன்றைக்கே கட்டளை போட்டான்.

"ஜசிந்தா, இனிமேல் கிணத்தடியிலை தோய்க்கப்படாது, குளிக்கப்படாது. குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் மட்டும் அள்ளும். ஈரம் வந்தால் என்ரை சாமான் எல்லாம் போச்சு."

"அப்ப நான் எங்கை தோய்க்கிறது?"

"எங்கையாவது தோயும்."

சொல்லிவிட்டு, தான் ஒரு வாளித் தண்ணீரை வீட்டின் முன்பக்கம் தூக்கிப் போய்த் தலையில் ஊற்றிக்கொண்டான். எங்கேயாவது என்பது எங்கே என்று அவன் கேட்கவும் இல்லை, பிறகு பார்க்கவும் இல்லை.

சோளகம் பிறந்தது, மழையில்லாத வரண்ட காற்றுக் காலம். காற்று புழுதியை வாரிக் கதவில் அடித்தது. சுவாமியாரின் பலகைகளில் முதல் இரண்டும் நல்லபடியாக வெட்டுப்பட்டன. மூன்றாவதில் கொடி வளைந்து வந்து, இலைக்குப் பக்கத்தில் திடீரென்று ஓர் எட்டு வைத்துத் துள்ளியது. எழுதிக்கொண்டிருக்கிறவனின் முழங்கையை யாரோ தட்டிவிட்டது போல ஒரு துள்ளல். அதற்குப் பிறகு வந்த இலைகளெல்லாம் அந்தத் துள்ளலின் அளவுக்கு விலகிப் போயின. பலகை விறகுக்குத்தான் உதவும்.

எமிலியானுஸ் சிரித்தான். பிழை பிடிப்பது அவனுடைய தொழில். அட்லாண்டிக் நடுவில் இருட்டில் நின்ற கப்பலையே வெளிச்சமாக்கியவன், இந்த மேசை எம்மாத்திரம்? வயரெல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினான். ஈயம் பிடித்த இடங்களை ஒவ்வொன்றாக உருக்கித் திரும்பப் பிடித்தான். நாலாம் பலகையும் துள்ளியது. மோட்டர் சூடாகிறது என்று விசிறி வைத்தான். ஐந்தாவதும் துள்ளியது. கசெற் நாடாவில் பிழை என்றான், புது நாடாவில் எழுதினான். கரண்ட் கூடிக் குறைகிறது என்றான். காற்றைக் குற்றம் சொன்னான். பஸ்ரியாம்பிள்ளையின் மரத்தில் வைரம் ஏறிவிட்டது என்று அவரிடமே சொல்லப்போய், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். உம்மடை மெசின் ஆடுறதுக்கு என்ரை மரமோ குற்றம்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான்.

பிழை பிடிக்கிறவனை வதைப்பது எப்போதும் வருகிற பிழை அல்ல, நினைத்தால் வருகிற பிழைதான். அலகுக்குப் பதிலாக ஒரு பேனையைப் பூட்டி, ட்றிலை ஓடவிடாமல் கடதாசியில் வரைய வைத்தான். கொடி அச்சுப்போல வந்தது. பத்துத் தரம் வரைந்தான், பத்தும் ஒன்றுபோல. ட்றிலை ஓடவிட்டதும் துள்ளல். ஆக, ட்றில் சுழலும்போது அதற்குள் பறக்கிற நெருப்புப் பொறியின் இரைச்சல் எப்படியோ வயருக்குள் ஏறுகிறது. அதைக் கொம்பியூட்டர் அனுப்பிய துடிப்பு என்று மோட்டர் நம்பி, அழையாத வீட்டுக்குள் ஓர் அடி வைத்துவிடுகிறது. இவ்வளவும் சரியாகத்தான் பிடித்தான். ஆனால் அந்த இரைச்சல் வைகாசியில் எங்கே போயிருந்தது? அப்போதும் இதே ட்றில், இதே வயர். இங்கே வந்து நின்றுவிட்டான்.

ஒருநாள் ஜசிந்தா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தபோது கை மேசைச் சட்டத்தில் பட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"உங்கடை மேசை கடிக்குது."

"என்ன கடிக்குது? எறும்பாயிருக்கும்."

"எறும்பில்லை. கூசுது. போன கிழமையும் கடிச்சது."

எமிலியானுஸ் தன் கையால் சட்டத்தைப் பிடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒண்டுமில்லை. உமக்குப் பயம்" என்றான். கப்பல் பழக்கத்தில் அவன் வீட்டுக்குள்ளும் றப்பர் செருப்போடு திரிகிறவன். அவள் ஊரில் எல்லாரையும் போல வெறுங்காலோடு நிற்கிறவள். இருபது வருடம் கரண்டோடு மாரடித்த மனிதனுக்கு அந்த வித்தியாசத்தில் புத்தி போகவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தவனுக்கு வேறு என்ன பெயர்?

ஆவணி பன்னிரண்டாம் திகதி ஒரு கடிதம் வந்தது. கப்பல் ஏசண்டின் கடிதம். கொழும்பிலிருந்து புறப்படுகிற ஒரு சரக்குக் கப்பலுக்கு மின்சார வேலையாள் வேண்டும், நல்ல இடம், மாத முடிவுக்குள் மறுமொழி எழுத வேண்டும் என்று இருந்தது. தபால்காரர் அதை ஜசிந்தாவின் கையில்தான் கொடுத்தார்.

"என்னப்பா கடிதம்?" என்று கேட்டாள்.

"அது சும்மா. சங்கத்துச் சந்தாவைப் பற்றி" என்றான்.

எமிலியானுஸ் அதைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய், திருகாணி போட்டு வைக்கிற தகரத்துக்குள் வைத்தான். ஒரு பலகை துள்ளும்போதெல்லாம் அந்தத் தகரத்தைப் பார்த்தான். அவனுக்கே சொல்ல வெட்கமான ஒன்று அவன் நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருந்தது. மேசை பிழைக்கும்போது ஆத்திரம் வந்தது, அது மெய். ஆனால் ஆத்திரத்துக்குப் பின்னாலே கள்ளன்போல ஒரு சந்தோஷமும் வந்து எட்டிப் பார்த்தது. இயந்திர அறையின் அதிர்வு காலுக்குள் ஏறுகிறதை நினைத்தான். காலையில் எழும்பினால் வேறு ஒரு துறைமுகம். நின்ற இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருக்கிற தரை. மெசின் சரிவரவில்லையே, நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டுப் போகலாம். ஜசிந்தாவின் சொல்லும் அதுதானே.

ஆனாலும் வேலையை விட அவனால் ஏலாது. வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்கிற நாயைப்போலக் கொட்டிலுக்கும் முற்றத்துக்குமாக நடந்தான். சாப்பாட்டில் இருந்து பாதியில் எழும்பி ஓடினான். வெட்டுப்பட்ட பதின்மூன்று பலகையில் பதினொன்று பிழை; அப்போது பலகையும் முடிந்துவிட்டது.

ஆவணி இருபதாம் திகதி பஸ்ரியாம்பிள்ளை புதுப் பலகைகளை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெயில் கொளுத்தியது. பலகையை இறக்கிவிட்டு, கேட்பார் கேள்வி இல்லாமல் கிணற்றில் அள்ளி மாட்டுக்கு வைத்தார். மாடு குடித்து முடிய, முதுகிலும் காலிலும் பத்துப் பன்னிரண்டு வாளி ஊற்றிக் கழுவினார். எமிலியானுஸ் கொட்டிலுக்குள்ளிருந்து பல்லைக் கடித்தான். பெரிய மனிதரை எப்படித் தடுப்பது?

அன்று பின்னேரம் வெட்டிய பலகை துள்ளவில்லை. முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டம். கொடி, இலை, நரம்பு எல்லாம் அச்சு.

"மரம்தான்! பழைய மரம்தான் பிழை!" என்று தனியே நின்று கத்தினான். அடுத்த நாள் விடிய அதே மரத்தில் இரண்டாவது பலகை வெட்டினான். அது பாதி வரை போய், துள்ளியது.

எமிலியானுஸ் நிலத்தில் குந்தினான். பிறகு கொப்பியை எடுத்தான். கப்பலில் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் மேசைக்கும் ஒரு கொப்பி போட்டிருந்தான். துள்ளல் தொடங்கிய பிறகு பிழையில்லாத நாள் என்று இரண்டே இரண்டு. ஒன்று நேற்று. மற்றது ஆடி பதினான்கு: அன்று சுவாமியாரின் மரத்தை வீணாக்க மனமில்லாமல், பழைய பெட்டிப் பலகையில் பரீட்சைக்கு ஓர் இலை வெட்டியிருந்தான், சுத்தமாக வந்தது. அதற்குக் கீழே அவன் கையாலேயே இப்படி எழுதியிருந்தது: "மாமி வந்தவ. சொல்லச் சொல்லக் கேளாமல் கிணற்றடியில் முழுகினவ. கோபம்."

மாமி முழுகிய நாள். மாடு முழுகிய நாள்.

எழும்பி வெளியே போனான். வாழையடிக்குப் போய் நின்றான். இலைகள் காய்ந்து தொங்கின; அதை அவன் தினமும் கண்டான்தான், சோளகத்தில் எந்த வாழைதான் வாடாது என்று விட்டுவிட்டான். ஏர்த் கோலைச் சுற்றி மண் மாவாக இருந்தது. கையால் கிண்டினான், முழங்கை ஆழத்துக்கு ஈரமே இல்லை; காய்ந்த மண்ணுக்குள் கரண்ட் இறங்காது. தீவு மண்ணை நம்பி அடித்த கோல் அல்ல அது. கிணற்றடியில் ஒரு வீட்டின் பெண் தினமும் ஊற்றுகிற தண்ணீரை நம்பி அடித்த கோல். அந்தத் தண்ணீரை நிறுத்தியவன் அவனே.

கொட்டிலுக்குள் வந்து செருப்பைக் கழற்றினான். வெறுங்காலோடு நின்று மேசைச் சட்டத்தைத் தொட்டான். கடித்தது. மீற்றரை எடுத்து அளந்தான், ஊசி நூறு வோல்ற்றைத் தாண்டி நின்றது. இரைச்சல் நிலத்துக்குள் இறங்க வழியில்லாமல் சட்டமெல்லாம் நிறைந்து நின்றிருக்கிறது. அவள் சொன்னாள், எறும்பு என்றான்.

பிழையைப் பிடித்துவிட்டான். மூன்று மாதமாக நித்திரையைத் தின்ற பிழை. ஆனால் அவன் கத்தவில்லை. கண் தகரத்துக்குப் போனது. இது உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் விட்டால் மேசை துள்ளிக்கொண்டே இருக்கும், மாத முடிவு வரும், சுவாமியார் அனுதாபப்படுவார், பஸ்ரியாம்பிள்ளை நாலு பகிடி விடுவார், ஜசிந்தா பெட்டி அடுக்கித் தருவாள். ஒருவர் மேலும் குற்றமில்லாமல் கப்பலேறலாம். கொட்டில் வாசலில் எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. ஆயுளில் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் அவன் நின்றதே இல்லை.

கடைசியில், வாழையடிக்குத் தண்ணீர் ஊற்ற வாளி எங்கே என்று கேட்கத்தான் வீட்டுக்குள் போனான். ஜசிந்தா இல்லை. தோய்க்கிற கடகமும் இல்லை. எங்கேயாவது தோயும் என்று சொன்ன வார்த்தை அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. எங்கே போகிறாள் இவள்? யோசிக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மாமியின் வீடு, அரை மைல் தூரம், நிழல் ஒரு துண்டு இல்லாத ஒழுங்கை. ஈர உடுப்புக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று மாதம்.

சைக்கிளை எடுத்தான். அல்போன்சம்மா படலையடியில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றார். மருமகனைக் கண்டதும், "என்ன தம்பி, மெசின் உங்களையும் கலைச்சுப்போட்டுதோ?" என்றார்.

"ஜசிந்தா எங்கை மாமி?"

"கிணத்தடியிலைதான். வேறை எங்கை? உங்கடை மெசினுக்கு ஈரம் ஆகாதாம், என்ரை பிள்ளைக்கு வெயில் ஆகுமாக்கும்."

பின்வளவுக்குப் போனான். ஜசிந்தா குனிந்து பிழிந்துகொண்டிருந்தாள். கொடியில் நாலு நீலக் களிசான்சட்டைகள் தொங்கின. அவனுடைய கப்பல் வேலை உடுப்புகள், கையும் காலும் ஒன்றாகத் தைத்தவை. மார்கழியில் பெட்டிக்குள் அழுக்கோடு சுருட்டி வைத்தவை. எண்ணெய்க் கறை போகத் தேய்த்து, பொத்தான் அறுந்த இடத்தில் புதுப் பொத்தான் வைத்து, வரிசையாகக் காயப் போட்டிருந்தாள்.

"உதை ஏன் தோய்ச்சனீர்?" என்றான் எமிலியானுஸ்.

ஜசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. "கப்பலுக்கு அழுக்கு உடுப்போடையே போறது?"

"ஆர் சொன்னது நான் போறனெண்டு?"

"கடிதத்திலை ஏசண்டின்ரை முத்திரை குத்திக் கிடந்தது. நான் கன்னியர் பள்ளிக்கூடத்திலை இங்கிலிஸ் படிச்சனான். சந்தாக் கடிதமெண்டு சொன்னியள், சரியெண்டு விட்டன்." பிழிந்ததை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கு நீங்கள் போறது நோகேல்லை. அது பழகிப் போச்சு. ஆயத்தமில்லாமல் திடீரெண்டு போவியள் பாருங்கோ, அதுதான் நோகிறது. இந்தமுறை எண்டாலும் முன்னமே ஆயத்தமாய் இருப்பமெண்டு பாத்தன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். மேசை தோற்றது என்று அவனுக்கு முன்னமே அவள் முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டியும், அவன் சொன்ன சொல்லுக்காக இன்றைக்கும் இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்து தோய்த்திருக்கிறாள். எமிலியானுஸ் தன் வாழ்க்கையில் எத்தனையோ பிழை பிடித்தவன். இப்படி ஒரு பிழை தன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்ததை அவன் பிடிக்கவில்லை.

"மெசின்ரை பிழை பிடிச்சிட்டன்" என்றான்.

"என்ன பிழை?"

"நான்தான்."

விளங்கப்படுத்தினான். வாழையடி, கோல், காய்ந்த மண், மாடு, மாமி, கடித்த மேசை எல்லாம். குழறிக் குழறிச் சொன்னான். ஜசிந்தா கேட்டுக்கொண்டே நின்றாள். முடிவில், "அப்ப நான் கடிக்குதெண்டு சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம். அதுதான் பிழை. அண்டைக்கே பிடிச்சிருக்கலாம்."

"சொன்னால் கேக்கோணும்" என்றாள் ஜசிந்தா. கோபமாகத்தான் சொன்னாள், நல்ல கோபம். நாலு உடுப்பையும் கொடியிலிருந்து உருவி ஈரத்தோடு கடகத்தில் போட்டாள். "வாங்கோ."

"எங்கை?"

"எங்கடை கிணத்துக்கு. தண்ணி ஊத்தோணுமெண்டியள்தானே? தோய்ச்ச உடுப்பெண்டாலும் திரும்பத் தோய்க்கிறன்."

கடகத்தை அவன் சைக்கிளில் வைத்து உருட்டினான், அவள் பக்கத்தில் நடந்தாள். வீட்டுக்கு வந்து அவள் கல்லில் அடித்துத் தோய்க்க, அவன் அள்ளி அள்ளி ஊற்றினான். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழையடியில் போய்ச் சுர்ரென்று இறங்கியது. மண் குடித்த வேகத்தைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. முப்பது வாளிக்குப் பிறகு வெறுங்காலோடு ஓடிப்போய்ச் சட்டத்தைத் தொட்டான். கடிக்கவில்லை. பலகையைப் பூட்டி ட்றிலை ஓடவிட்டான். உள்ளே போய்ப் பார்ப்பதும், வெளியே வந்து ஒரு வாளி ஊற்றுவதும், திரும்ப ஓடுவதுமாக ஒரு மணித்தியாலம். "ஒரிடத்திலை நில்லுங்கோவன், எனக்குத் தலை சுத்துது" என்று ஜசிந்தா கத்தினாள். பலகை சுத்தமாக வந்தது. அடுத்ததும் வந்தது.

இரண்டு பலகையையும் அவள் வாங்கி ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இலையோடு இலை பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பொருந்தியது. பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கடிதத்துக்கு மறுமொழி எழுதினியளே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"எழுதுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்க எழுதுங்கோ."

தகரத்திலிருந்து கடிதத்தை எடுத்து, கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, மேசையின் ஓரத்திலேயே வைத்து எழுதினான். ஆங்கிலத்தில் நாலு வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, வீட்டு வேலை காரணமாக இந்த முறை கப்பலுக்கு வர இயலாததற்கு வருந்துகிறேன், உண்மையுள்ள என்று எழுதி ஒப்பமிட்டான். நீட்டினான். ஜசிந்தா வாங்கி, விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து மெல்ல வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இஞ்சை 'இந்த முறை' எண்டு எழுதியிருக்கிறியள்."

"அது ஒரு மரியாதைக்கு. அப்பிடித்தான் எழுதுறது."

"வெட்டுங்கோ."

எமிலியானுஸ் தாளைப் பார்த்தான். மரியாதைக்கு எழுதவில்லை என்று அவனுக்குத் தெரியும். கை தானாக எழுதிவிட்டது. அந்த இரண்டு சொல்லுக்குள் அவன் இன்னமும் ஒரு கப்பலைக் கட்டி வைத்திருந்தான். அதை அவிழ்ப்பது நினைத்ததைவிட நொந்தது, வாய்விட்டு அழலாம் போல இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஈரச் சேலையோடு நின்றாள்.

பேனையை எடுத்து வெட்டினான். ஒரு கோடுதான். வெட்டியதன் கீழே எழுத்து இன்னும் தெரிந்தது. ஜசிந்தா தாளை வாங்காமல் அப்படியே நின்றாள். அவன் இரண்டாவது கோட்டையும் போட்டான்.